வெள்ளிக்கிழமைக்கு மாற்றிய ஸ்கேன்

கண்டியில் கம்பியூட்டர் பார்க்கிறவனுக்கு வைரஸைவிட இடிதான் பெரிய தலையிடி. மழை மாதங்களில் மத்தியானம் திரும்பியதும் மலைக்குப் பின்னால் உறுமத் தொடங்கும். உடனே ஊர் முழுக்க வயர்களைப் பிடுங்குவார்கள்.

நான் எந்தக் கம்பனியிலும் நிரந்தர வேலையில் இல்லை. மஹய்யாவையில் இருந்துகொண்டு நாலைந்து இடங்களின் கம்பியூட்டர்களைக் கவனிக்கிறேன். அவற்றில் ஒன்று, பிஸ்கட்டும் சவர்க்காரமும் மொத்தமாக எடுத்து மலைநாட்டுக் கடைகளுக்கு லொறியில் அனுப்புகிற கம்பனி. அங்கே ஒருமுறை மின்னல் இரண்டு மெஷின்களைக் கருக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மனேஜர் மாலையில் கெலிஓயாவிலுள்ள வீட்டுக்குப் புறப்படுமுன் மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே அணைப்பார். காலையில் அவரே வந்து போடுவார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

கெட்ட மனிதர் இல்லை. ஒன்றை நினைத்துவிட்டால் அசைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, பில் போடுகிற பெண்ணின் மெஷினைப் பார்த்து அதில் பிழை இல்லை என்று எழுதித் தரச் சொன்னார். அந்தப் பெண் புசல்லாவையிலிருந்து வருகிறவர். சேர்ந்து சில மாதங்கள்தான். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. காலையில் பில் பிந்துவதால் லொறி பிந்துகிறது, கடைக்காரர்கள் கத்துகிறார்கள், மெஷின் சரியாக இருந்தால் அந்தப் பெண்ணை நிறுத்திவிடலாம் என்பது மனேஜரின் கணக்கு.

அது பின்னேரம். மெஷின் பழையதுதான். புதிதாக வருகிறவருக்குப் பழைய மெஷினைத் தள்ளிவிடுவது எல்லா ஒஃபிஸிலும் நடப்பது. ஆனாலும் தட்டிப் பார்த்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் எழுந்தபோது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "காலைல வந்து பாருங்கண்ணே. பின்னேரத்துல அது நல்லாத்தான் இருக்கும்."

இப்படிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். போய்ப் பார்த்தால் கீபோர்டில் தேத்தண்ணீர் கொட்டியிருக்கும். இருந்தாலும் ஒருவரின் வேலை போகிற விஷயம் என்பதால் மறுநாள் காலையில் போனேன். கேட் திறந்திருந்தது, மனேஜர் வரவில்லை. அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மனேஜரிடம் ஏச்சு வாங்கிய நாளிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாராம். மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே புறப்பட வேண்டியிருப்பதால், பக்கத்து வீட்டு அக்காதான் பிள்ளைக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாராம். மெயின் போடாமல் முதல் பஸ்ஸில் வந்து என்ன பயன் என்று நான் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

மனேஜர் வந்து சுவிட்சைப் போட்டார். மெஷின் எழுந்தது, உடனே படுத்துவிட்டது. ஒரு பில்லைத் திறக்க அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. பார்த்தால், அன்டிவைரஸ் ஹார்ட் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் துழாவிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுத் தந்த கொழும்புக்காரர்கள் முழு ஸ்கேனைத் தினமும் நடுச்சாமத்துக்கு வைத்திருக்கிறார்கள். தவறிப்போனால் மெஷின் போட்டதும் தொடங்கு என்றும் வைத்திருக்கிறார்கள். இங்கே நடுச்சாமத்தில் மெயினே இல்லை. ஆகவே தினமும் தவறியது, தினமும் காலையில் தொடங்கியது. மற்றவர்களின் மெஷின் புதிது. அவர்களுடைய வேலையும் தேத்தண்ணீருக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். அகப்பட்டது இவர் ஒருவர்.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என் கையில பிழை ஒன்னும் இல்லையாண்ணே? எனக்குத்தான் கை ஓடலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அந்தக் கொழும்புக்காரர்கள் மேல் எரிச்சல் வந்தது. போன் எடுத்தேன். இரவில் மெஷினை அணைக்காதீர்கள் என்று ஒரு பையன் புத்தி சொன்னான். ஐப்பசி மாதம் இங்கே வந்து ஒரு பின்னேரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். கடைசியில் பாஸ்வேர்டைத் தந்தான்.

இனி எந்த நேரத்துக்கு வைப்பது? இரவு இல்லை, காலை இல்லை, பின்னேரம் இடி. யோசித்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் இருந்தது. மனேஜர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அவர் ஒப்பமில்லாமல் ஒரு பில்லும் வெளியே போகாது. மிச்சப் பேர் சோற்றுப் பார்சலைப் பிரித்து உட்காருவார்கள், மெஷின்கள் சும்மா எரிந்துகொண்டிருக்கும். முழு ஸ்கேனை வாரத்துக்கு ஒருமுறை அந்த நேரத்தில் வைத்து, தவறினால் தொடங்குவதை நிறுத்தினேன். தினமும் வேண்டியதற்குச் சின்ன ஸ்கேன் போதும்.

மனேஜரிடமும் எல்லாவற்றையும் விளக்கினேன், மெயின் சுவிட்ச் உட்பட. தலையை ஆட்டினார். பார்ப்போம் என்றார்.

அதற்குப் பிறகு லொறி நேரத்துக்குப் போனது. அடுத்த மாதம் நான் போயிருந்தபோது மனேஜர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நிரந்தர நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, நான் ஏசின படியாத்தான் இப்ப ஒழுங்கா வேல செய்றா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அந்தப் பெண் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

மறு வாரம் பிரிண்டர் வேலையாகக் காலையில் போனேன். படிக்கட்டில் யாரும் இல்லை. மெயின் போட்டு, எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பஸ் பிந்திவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லண்ணே, அடுத்த பஸ்ஸுல வந்தேன். இன்னைக்கு மகளுக்கு நானே தலை சீவி விட்டேன்."