ஆமென் சொன்னீங்க இல்ல?

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வெள்ளைச் சட்டை ஒன்று நாசமாயிற்று. காரணம் — ஏழு வயது பிளெஸ்ஸி.

மரக்காணத்தில் நான் போகிற சபை ரொம்பச் சின்னது. அறுபது பேர் உட்கார்ந்தால் ஃபேன் காற்று பத்தாது. பிரசங்கம் முடிந்ததும் ஜெபக் குறிப்பு நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து தங்கள் தேவையைச் சொல்லலாம். பாஸ்டர் ஜெபிப்பார், நாங்கள் ஆமென் போடுவோம். விசா, முழங்கால் வலி, மகனுக்குப் பெண்... எல்லாவற்றுக்கும் அதே ஆமென்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அந்த நேரத்தில் என் மனசு பாதி வீட்டு பிரியாணியில் இருக்கும்.

அன்றைக்கு பிளெஸ்ஸி எழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு வந்திருந்தாள். அவள் அம்மா செல்வி குத்தகைக்கு உப்புப் பாத்தி எடுத்து நடத்துகிறவர். வரப்பில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு.

"அம்மா வாரின உப்பு அப்டியே குவிச்சி கெடக்குது. தார்ப்பாய் இருக்குது, போட ஆளு வரல. மழை வந்தா எல்லாம் கரைஞ்சிடும்னு அம்மா அழுவுறாங்க. மூடி முடிக்கிற வரைக்கும் மழை வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணுங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் வெயிலில் நின்று வாரிய உப்பு. ஒரு நல்ல மழை போதாதா?

பாஸ்டர் உருகி ஜெபித்தார். வழக்கத்தைவிடச் சத்தமாகவே ஆமென் சொன்னோம். சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், போலாமா?"

பிளெஸ்ஸி.

"எங்கேம்மா?"

"உப்பு மூடத்தான். ஆமென் சொன்னீங்க இல்ல?"

"அது... அது ஜெபம்மா," என்று இழுத்தேன்.

"ஆமா. இயேசப்பா மழையப் புடிச்சிக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் வாங்க அங்கிள், பாவம், அவரு எவ்ளோ நேரம் புடிச்சிருப்பாரு?"

பின்னால் நின்ற பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குரல் கொடுத்தார்: "ஏம்பா, அந்த லோடு ஆட்டோவ எடு!"

கால்மணி நேரத்தில் பாதி சபை உப்பளத்தில் இருந்தது. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காமார்கள், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நாங்கள். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. என் பித்தவெடிப்பில் உப்பு ஏறி... அப்பப்பா, என்ன எரிச்சல்!

கட்டுப்போட்ட கையோடு செல்வி ஓடி வந்தார். "ஐயோ, உங்களயெல்லாம் யாருங்க கூப்ட்டது?"

"உங்க பொண்ணுதான்," என்றார் பாஸ்டர். செல்வி அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதார். நான் தார்ப்பாயின் அடுத்த மூலையைப் பிடித்தேன்.

மெதுவாக பிளெஸ்ஸியிடம் கேட்டேன். "இப்ப மழை வந்துட்டா?"

"வராது அங்கிள். அதான் சொல்லியாச்சு இல்ல."

கடைசிக் கயிற்றைக் கட்டி, மணல் மூட்டை வைத்து, வண்டிக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சரியான மழை! குவியல் பத்திரமாக இருந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்புகள்தான் தப்பவில்லை.

மழை நிஜமாகவே காத்திருந்ததா? என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் கடவுளை நம்பினாள், சரி. ஆமென் சொன்ன எங்களையும் அல்லவா நம்பிவிட்டாள்! நாற்பது வருஷமாக ஆமென் சொல்கிறேன். அதைக் கேட்டு என் கையைப் பிடித்து இழுத்துப் போனது இவள் ஒருத்திதான்.

போன ஞாயிறு ஜெபக் குறிப்பில் ஒரு பெரியவர் எழுந்தார். வீடு மாற்றுகிறாராம். மாடி வீடு, இரண்டு பீரோ, நல்லபடியாக நடக்க வேண்டுமாம். முன்வரிசையிலிருந்து பிளெஸ்ஸி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

சத்தமாகவே ஆமென் சொன்னேன். பழைய சட்டையில்தான் போயிருந்தேன்.