சிறியாநங்கை இனித்த மூன்று நாள்

எங்கள் பெரியப்பாவுக்கு எந்தக் கடியும் ஒன்றுதான். பாம்பு, தேள், பூரான், எட்டுக்கால் பூச்சி, இருட்டில் கடித்துவிட்டுப் போன இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்று, எதுவானாலும் முதலில் கொல்லைக்குப் போய் இரண்டு சிறியாநங்கை இலையைப் பறித்து வந்து மெல்லச் சொல்வார். கசந்தால் விஷமில்லை, எழுந்து போய் வேலையைப் பார்க்கலாம். இனித்தால் விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். பூனை பிறாண்டியதற்குக்கூட ஒரு தடவை எங்கள் அப்பாவை மெல்ல வைத்திருக்கிறார். அந்தக் கசப்பு நாக்கை விட்டு இறங்க மறுநாள் ஆகும்.

விஷம் இறங்கும் வரைக்கும் வீட்டுக்கும் சட்டங்கள் உண்டு. கடிபட்டவருக்கு உப்பில்லாக் கஞ்சி. அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. வீட்டு ஆட்கள் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இவையெல்லாம் எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது என்று பெரியப்பாவை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கும் ஒரு இலை கிடைக்கும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முந்தி இருக்கும். எனக்கு ஏழு வயது. நாங்கள் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தோம். பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தைக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பதினொரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. வாய்க்கால் கரையில் புங்கமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்கள். பிள்ளையைச் சாமி கூட்டிக்கொண்டது என்று எனக்குச் சொன்னார்கள். சாமி கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டு மாதமாக அத்தையின் பக்கத்தில் படுப்பவள் நான். அவள் சேலை முந்தியை என் கையில் சுற்றிக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அத்தையை அழைத்துப் போக மாமா வந்தார். அவருக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிற வேலை. தேவாரம் ஊர் வரைக்கும் வண்டியில் போய், அங்கிருந்து மலையேற வேண்டும். அதிகம் பேசாத மனிதர். மாமனார் வீட்டுக்கு என்று ஒரு போத்தல் மலைத்தேன் கொண்டுவந்திருந்தார். அம்மா அதைச் சுவரிலிருந்த மாடாக்குழியில் வைத்தாள். அத்தை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டி பூட்டுவதாக ஏற்பாடு. விடிந்ததும் நான் அத்தையின் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், மாட்டுக்காக அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்புக்குள் திணித்தேன். மூட்டை இல்லாமல் அத்தை எப்படிப் போவாள் என்பது என் கணக்கு. திணித்த கையை வெளியே எடுப்பதற்குள் சுருக்கென்றது. உதறினேன். ரோமம் முளைத்த கறுப்பு எட்டுக்கால் பூச்சி ஒன்று விழுந்து ஓடியது. நான் போட்ட கூப்பாட்டில் முதலில் ஓடி வந்தவள் அத்தை. என் கையைப் பார்த்தாள். படப்புக்குள் பிதுங்கிக்கொண்டிருந்த மூட்டையையும் பார்த்தாள். காலால் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மணிக்கட்டு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. அம்மா அழுதுகொண்டே மஞ்சளையும் துளசியையும் அரைத்துப் பற்றுப் போட்டாள். பெரியப்பா இலையோடு வந்து நின்றார்.

"மெல்லுத்தா. மென்னுட்டுச் சொல்லு. கசக்குதா, இனிக்குதா?"

கசந்தது. அடிநாக்கு வரைக்கும் கசந்தது. துப்பப் போன நேரத்தில் வாசலில் மாடுகளின் கழுத்துமணிச் சத்தம் கேட்டது. தலை நிறையப் பூ வைத்து அத்தை நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். முகம் அஷ்டகோணலாகப் போகாமல் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, "இனிக்குது பெரியப்பா" என்றேன்.

"விஷம் ஏறிருச்சு. வண்டிய அவுக்கச் சொல்லுங்க" என்றார் பெரியப்பா. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவுரி வேரை அரைத்துப் பாலில் கலக்கிப் புகட்டினார்கள். அத்தையின் முகத்தை மட்டும் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். அவள் தலையிலிருந்த பூவை எடுத்துச் சாமிப் படத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் வீக்கம் பாதி வற்றியது. நாளைக்கு என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. இன்னொரு தடவை அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் விழுங்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் மறுநாள் காலையில் பெரியப்பா கொல்லைக்குக் கிளம்பியபோது அத்தை குறுக்கே வந்தாள்.

"பச்சப்பிள்ள, இலைய மெல்ல முடியலண்ணே. நான் அரைச்சு உருட்டிக் குடுக்கேன்."

அடுப்படியிலிருந்து ஒரு பச்சை உருண்டையைக் கொண்டுவந்து என் வாயில் போட்டாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அது இனித்தது.

பொய்யாக இல்லை, நிஜமாகவே இனித்தது. நேற்றுச் சொன்ன பொய்க்குச் சாமி இன்று தண்டனை கொடுத்துவிட்டது, விஷம் மெய்யாகவே ஏறிவிட்டது, பதினொரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போன மாதிரி என்னையும் கூட்டிப்போகப் போகிறது. "இனிக்குது, நெசமாவே இனிக்குது" என்று நான் கதறிய கதறலில் பெரியப்பாவே ஆடிப்போனார். அத்தை என்னை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் ரவிக்கை ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாளும் இனித்தது. அன்றோடு மாமாவின் லீவு முடிந்தது. எல்லையைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் மாப்பிள்ளைக்கு இல்லை என்று பெரியப்பா தாராளமாக விட்டுக்கொடுத்தார். மாமா புறப்படும்போது என் தலையில் கை வைத்தார். பிறகு மாடாக்குழியிலிருந்த போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தேன் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. அடுப்படிப் பக்கம் திரும்பி, "தேன் தீந்துட்டாச் சொல்லி விடு. இன்னொரு போத்தல் குடுத்து விடுறேன். தையில வாரேன், அப்பப் பொறப்பட்டாப் போதும்" என்றார். உள்ளேயிருந்து வளையல் சத்தம் கேட்டது.

சொன்னபடி தையில் வந்தார். அத்தை தானாகவே போய் வண்டியில் ஏறினாள். அன்று அடுப்படியில் அத்தை அரைத்தது எது என்பது பல வருஷம் கழித்து, என் மகனுக்கு வேப்பங்கொழுந்தை அரைத்துத் தேனில் உருட்டிய அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பாதியில் கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு தேன் விட்டாலும் கசப்பு கசப்புதான்; அத்தையின் உருண்டையில் சிறியாநங்கை ஒரு இலைகூட இருந்திருக்காது.

ஆனால் மாமா தனியாகப் போன அன்று சாயங்காலம் எனக்கு ஒன்றும் தெரியாது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். புங்கமரத்தடியில் ஒரு சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்தாள். அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. நான் சாகப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்காக அழுகிறாளே என்று பாவமாக இருந்தது. அவள் மடியில் ஏறி உட்கார்ந்து முந்தியால் அவள் கண்ணைத் துடைத்தேன்.

"அழுகாத அத்த. இப்பக் கசக்குது. நான் எங்கயும் போக மாட்டேன்" என்றேன்.