பெரிய காரில் கலஹாவுக்கு

வாகனங்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் இயந்திரவியல் படிப்பித்தவன் என்பதால், ஒரு தமிழ் வார இதழின் ஆசிரியர் அவ்வப்போது ஏதாவது ஒரு வாகனத்தை ஓட்டிப் பார்த்து எழுதச் சொன்னார். சின்னக் கார்கள், வான்கள், முச்சக்கர வண்டிகள் என்று என் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை உழவு இயந்திரம்கூட ஓட்டினேன். ஆகவே, வடிவம் மாற்றி வந்திருக்கிற ஒரு பெரிய சொகுசுக் காரைப் பார்த்து எழுத வேண்டும் என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"எங்கட வாசகர் ஆர் ஐயா அதை வாங்கப் போகினம்?" என்றேன்.

"வாங்கிறவன் வாசிக்கமாட்டான், வாசிக்கிறவன் வாங்கமாட்டான். ஆனா ரெண்டு பேருக்கும் பாக்க ஆசை. எழுதுங்கோ," என்றார்.

சொன்னபடி ஒரு சனிக்கிழமை காலையில் கார் அம்பிட்டியவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. வாசலுக்கு வந்தது என்பது பேச்சுக்கு. எங்கள் குறுகலான ஒழுங்கைக்குள் அது நுழையவில்லை. பிரதான வீதியோரம் நின்றது. கொண்டுவந்தவர் கம்பனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர், முப்பது வயதுக்காரர், அக்குறணைப் பக்கம் சொந்த ஊர். காரை யாரிடம் கொடுத்தாலும் கம்பனி ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டுமாம். கழுத்துப் பட்டியைச் சரி செய்துகொண்டு, பழைய மாடலுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். முன் முகம் அகலமாகியிருந்தது. விளக்குகள் ஒடுங்கியிருந்தன. உள்ளே குமிழ்களையும் பொத்தான்களையும் எடுத்துவிட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே திரையாக வைத்திருந்தார்கள். ஏசியைக் குறைப்பதற்குக்கூடத் திரையில் தேட வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை; அதை அங்கேயே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

என் மனைவி கைத்தடியோடு மெதுவாக நடந்து பார்க்க வந்தார். அவர் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கண்டியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முந்திய ஆண்டு அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. நிற்கலாம், நடக்கலாம், படுக்கலாம். ஆசனத்தில் இருப்பதுதான் வேதனை. எங்கள் சின்னக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் முகம் வெளிறிவிடும். அதனால் அவர் வேறெங்கும் போவதை விட்டுவிட்டார். கலஹாவில் இருக்கிற அக்காவோடு தினமும் தொலைபேசியில் பேசுவார். அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவராலும் வர முடியாது. ஒரு மணி நேர ஓட்டம்தான், ஆனால் இரண்டு பேரும் நேரில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

"நீர் ஏறிப் பாரும். சும்மாதானே," என்றேன்.

அவர் பின் ஆசனத்தில் பக்கவாட்டாக மெல்ல ஏறினார். விற்பனைக்காரர் கதவில் ஒரு பொத்தானை அழுத்தினார். முன்னாலிருந்த வெற்று ஆசனம் தானாக முன்னே நகர்ந்தது. பின் ஆசனம் சாய்ந்தது. கால்களுக்கு அடியில் ஒரு தாங்கி எழுந்து வந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

"நோகுதோ?"

"வலிக்கலங்க," என்றார். பிறகு, தன்னைத்தானே நம்பாதவர்போல, "நெசமாவே வலிக்கல," என்றார்.

பேராதனை வழியாகக் கம்பளைக்குப் போய்த் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. மனைவி இறங்குவதற்குக் கைத்தடியைத் தேடினார். அப்போது அந்த விற்பனைக்காரர் கேட்டார்:

"டீச்சர், உங்களுக்கு எங்கயாச்சும் போகோணுமா?"

மனைவி என் முகத்தைப் பார்த்தார். நான்தான் கலஹாவையும் அக்காவையும் பற்றிச் சொன்னேன்.

"எங்கட உம்மாக்கும் இப்பிடித்தான் முதுகு," என்றார் அவர். "சேர், இது பின் சீட்டுக்காகவே செஞ்ச வாகனம். பின்னால ஒராள் இரிக்காம நீங்க என்னத்தப் பாத்து எழுதப் போறீங்க?" சற்றுத் தள்ளிப் போய் மேலதிகாரியோடு சிங்களத்தில் பேசினார். திரும்பி வந்து, "கீறல் விழாம கொண்டு வரச் சொன்னாங்க. அவ்வளவுதான்," என்றார். இன்றைக்கும், 'எங்கயாச்சும் போகோணுமா' என்று அவர் மனைவியிடம் கேட்டதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவர் அதைக் கேட்டிருக்கத் தேவையில்லை.

கண்டி நகரத்து நெரிசலில் கார் சத்தமில்லாமல் ஊர்ந்தது. பேராதனையில் திரும்பிக் கலஹா வீதியில் ஏறியதும் என் உண்மையான சோதனை தொடங்கியது. குழிகளை அந்தக் கார் விழுங்கிக்கொண்டது. கூர்மையான முடக்குகளில் பின் சக்கரங்களும் சிறிது திரும்பின. அவ்வளவு நீளக் கார் அந்த முடக்குகளில் மடங்கியது எனக்கே வியப்பு. ஆனால் பொனட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. இடது கரையில் மழைநீர் ஓடும் ஆழமான கான். முன்னே தள்ளியிருந்த இடது ஆசனத்தில் ஒடுங்கி இருந்த விற்பனைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இடம் இரிக்கி சேர், இரிக்கி," என்று சொல்லிக்கொண்டே வந்தார். தலை நனைந்துவிட்டது, ஏனென்றால் மழை பிடித்திருந்தது.

ஒரு முடக்கில் கலஹாவிலிருந்து இறங்கிய பஸ் எதிரே வந்து நின்றது. நிறைந்த பஸ். நான் பின்னுக்கு எடுக்கப் பார்த்தேன். திரை மேலிருந்து பார்ப்பதுபோல் காரைக் காட்ட வேண்டும். கமெராவில் சேறு அப்பி வெறும் பழுப்பாகத்தான் தெரிந்தது. பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பின் ஆசனத்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, சாய்ந்து கிடந்த மனைவியைக் கண்டார்.

"பெரியாஸ்பத்திரிக்கா போறீங்க? அது இந்தப் பக்கமில்ல," என்றார்.

மனைவி கண்ணாடியை இறக்கினார். "இல்ல தம்பி. அக்கா வீட்டுக்குப் போறோம். ரொம்ப நாளாச்சு. முதுகு முடியாம கெடந்தேன்."

கண்டக்டர் பஸ்ஸின் பின்புறம் போனார். பஸ்ஸைத் தட்டி, "கன்ன, கன்ன," என்று, பின்னுக்கு எடுக்கும்படி சிங்களத்தில் சாரதிக்குக் குரல் கொடுத்தார். அத்தனை பேரையும் சுமந்துகொண்டு அந்த பஸ் மேட்டில் பின்னுக்கு ஏறி எங்களுக்கு வழி விட்டது. கடந்து போகும்போது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சாரதி தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா வீடு தோட்டத்துக்குள், கொங்கிறீற் போட்ட ஒரு செங்குத்தான பாதையின் உச்சியில் இருக்கிறது. அந்தக் காரை ஒரு பொத்தானில் சற்று உயர்த்தலாம். உயர்த்திப் பார்த்தேன். அப்படியும் முன் பம்பர் ஏற்றத்தில் முட்டும் என்று தெரிந்தது. கீழே கடையடியில் நிறுத்தினேன்.

"பரவால்லங்க," என்றார் மனைவி. "இவ்வளவு தூரம் வந்ததே போதும்." தொலைபேசியை எடுத்தார். "அக்கா, நான் கீழ கடைகிட்ட இருக்கேன்… இல்ல, நெசமாத்தான்… கார்ல."

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு சிறு கூட்டம் இறங்கி வந்தது. அக்காவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி அயல்வீட்டு ஆண்கள் நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பெண்கள் இரண்டு பேர் குடை பிடித்தார்கள். அக்கா ஒருவரையும் பார்க்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்த வெள்ளைத் தோலையும் விரிப்பையும் கண்டு தயங்கினார்.

"காலெல்லாம் சேறு தெறிச்சிருக்கே," என்றார்.

"கழுவினாப் போகும்மா. நீங்க ஏறுங்க," என்றார் விற்பனைக்காரர்.

அக்காவை மற்றப் பக்கத்து ஆசனத்தில் இருத்தினோம். அவர் முதலில் செய்தது தங்கையின் முதுகைத் தொட்டுப் பார்த்ததுதான். பிறகு கதவு மூடியது. அந்தக் கதவை அடித்துச் சாத்த வேண்டியதில்லை. அருகில் கொண்டுபோனால் தானே உள்ளிழுத்துக்கொள்ளும்.

நானும் விற்பனைக்காரரும் கடைத் தாழ்வாரத்தில் நின்று பிளேன்டீ குடித்தோம். கதிரை தூக்கி வந்தவர்கள் காரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவர் என்னிடம் எஞ்சின் பற்றி விசாரித்தார், சந்தோஷமாக விளக்கினேன். கண்ணாடிக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரு வார்த்தைகூட வெளியே கேட்கவில்லை. இரட்டைக் கண்ணாடி என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

என்ன பேசினார்கள் என்று திரும்பும் வழியில் மனைவியைக் கேட்டேன்.

"கொஞ்சந்தான் பேசினோம்," என்றார் மனைவி. "அப்பறம் அக்கா தூங்கிருச்சு."

"நித்திரையோ?"

"ம். அந்தக் கால் தாங்கிய தூக்கி விட்டேன். அப்பிடியே தூங்கிருச்சு. கொழுந்து பறிக்கப் போறவங்க பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு பிள்ளைக் காம்பராவில வேலை செஞ்ச காலமெல்லாம் யார் பிள்ளையையாவது இடுப்புல வச்சிக்கிட்டு நின்னது. நான் கையப் புடிச்சிக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்து அவர் இறங்கியபோதும் முகம் வெளிறவில்லை. நாங்கள் சாப்பிடக் கூப்பிட்டும் விற்பனைக்காரர் நிற்காமல், காரைக் கழுவ வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்.

கட்டுரையில் நான் உள்ளதைத்தான் எழுதினேன். திரை வேண்டாத தொல்லை, அகலம் எங்கள் மலை வீதிகளுக்குக் கூடாது, மழைச் சேற்றில் கமெராவை நம்ப முடியாது என்றேன். பின் ஆசனத்தைப் பற்றி எழுதியதுதான் நீண்டுவிட்டது. ஆசிரியர் அதில் ஒரு வரியும் வெட்டவில்லை.

அதைவிடப் பெரிய பயன் பிறகுதான் கிடைத்தது. அன்றைக்கு மனைவி எப்படிச் சாய்ந்திருந்தார், கால் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று அவருடைய உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் விவரமாகச் சொன்னோம். "அப்ப, உங்கட கார்லயும் அப்பிடியே செய்யலாமே," என்றார் அவர். கண்டியில் குஷன் தைக்கிற ஒருவரிடம் சாய்வாக ஒரு தடித்த மெத்தையும் கால்களுக்கு ஒன்றும் செய்வித்தோம். முன் ஆசனத்தைப் போகக்கூடிய அளவுக்கு முன்னே தள்ளினோம். அந்தப் பெரிய காரின் சொகுசில் கால்வாசியும் வராது. ஆனால் கலஹா வரை தாங்கும். சின்னக் கார் என்பதால் கொங்கிறீற் பாதையிலும் ஏறிவிடும், அக்கா வீட்டு முற்றம் வரைக்கும்.

இப்போது அடிக்கடி போகிறோம். போன தீபாவளிக்கு அவரை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன். மறுநாள் காலை, கூட்டிவர எப்போது வரட்டும் என்று தொலைபேசியில் கேட்டேன்.

"இன்னைக்கு வேணாங்க," என்றார். பின்னால் அக்கா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "நாளைக்கும் வேணாம். நானே சொல்றேன், அப்ப வாங்க."