ரப்பர் செருப்பு

"கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குது" என்று என் மனைவி சொன்னபோது, எலக்ட்ரீசியனைக் கூப்பிடாமல் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஒருநாள் காலை, வெறுங்காலோடு ஈரக் கையைக் கிரைண்டரில் வைத்துவிட்டாள். கை ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிடித்து இழுக்கப் பாய்ந்தேன்.

"அக்காவத் தொடாதீங்க அண்ணாச்சி! மெயின அணைங்க!" என்று பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலிருந்து அலறினாள்.

மெயினை அணைத்தேன். மனைவி சரிந்து விழுந்தாள். மூச்சு இருந்தது.

மறுநாள் எலக்ட்ரீசியன் எர்த் குழியைத் திறந்து காட்டினார். கோடையில் கரிசல் மண் வெடித்து, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழாயை விட்டு விரற்கடை விலகியிருந்தது.

"கிரைண்டருக்குள்ள வயரு நைஞ்சிருக்கு, இங்கன எர்த்தும் செத்துருக்கு. அப்பப்ப ஒரு குடம் தண்ணி ஊத்தக் கூடாதா?"

வயரை மாற்றினேன். எர்த்தைப் புதிதாகப் போட்டேன். தண்ணீரும் தவறாமல் ஊற்றுகிறேன்.

"இனிமே பயமில்ல" என்றேன் அவளிடம்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மாவாட்டப் போனாள்.