பேண்டேஜ்காரர் போட்ட ஜாமீன்

1991 ஜூலை 26, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் நீதிமன்றத்துக்கு எதிரே, தார்ப்பாய் கட்டிய ஒரு டைப்ரைட்டர் கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆளை நனைக்கும் மழை இல்லை, ஆனால் காகிதத்தைக் கெடுக்கப் போதும். அதனால் பத்து ரூபாய் முத்திரைத் தாள் இரண்டையும் பாலிதீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.

என் மூத்த மகளுக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மதுரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியே நடத்தும் பள்ளி. மூன்று வருடப் படிப்பு. நான் அப்போது இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கிடங்கு கிளார்க். மில் வாரத்தில் நான்கு நாள்தான் ஓடியது, நான்கு நாள் சம்பளம்தான் வந்தது. படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 416 ரூபாய் என்று பள்ளியிலிருந்து வந்த தாளில் இருந்தது. முப்பத்தாறு மாதத்துக்குப் பெருக்கினால் 14,976. மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். மூன்று முறையும் அதேதான் வந்தது.

அரசாங்க உதவிப் பணத்துக்கும் மனுப் போட்டோம். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஏழு நாள் அலைந்தேன். கடைசியில் தாலுகா ஆபீஸில் ஒருவர் சொன்னார், அந்தப் பணம் வருடக் கடைசியில்தான் வரும், அதுவரை நாம்தான் கட்ட வேண்டும் என்று. கட்டுவதற்குப் பணம் இருந்தால் நான் ஏன் மனுப் போடுகிறேன்?

மிச்சம் இருந்தது பள்ளியே தரும் உதவி. அது இப்படி. மூன்று வருடச் செலவையும் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ளும். படிப்பு முடிந்ததும் பெண் அதே ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்க வேண்டும். நடுவில் போனால், பாக்கி இருக்கும் மாதங்களுக்கு ஏற்பப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்கள் அதுவரை அவர்களிடமே இருக்கும். இதற்கு ஒரு ஜாமீன்தாரர் முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அவர் பெயரில் வீடோ நிலமோ இருக்க வேண்டும், வரி ரசீது காட்ட வேண்டும்.

எனக்கு இது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. சும்மா கொடுப்பவன் சான்றிதழை ஏன் பிடித்து வைக்கிறான்? மூன்றும் இரண்டும் ஐந்து வருடம், ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சின்னக் கணக்கா? நேரில் போய் அங்கிருந்த அலுவலக அம்மாளிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்களுக்கு நர்ஸ் வேணும், உங்களுக்குப் படிப்பு வேணும். இதுல ஒளிச்சு வைக்க என்ன சார் இருக்கு?" என்றார். அவ்வளவு சுலபமாகப் பதில் சொன்னதே எனக்கு இன்னொரு சந்தேகத்தைக் கொடுத்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பத்திரம் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். ஜாமீனுக்கு மூன்று பேரைக் கேட்டேன். கூட வேலை பார்த்தவர், வீடு மனைவி பேரில் இருக்கிறது என்றார். எதிர்வீட்டுக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஐந்து நாள் என் கண்ணில் படாமல் நடந்தார். மூன்றாவது ஆள் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "உம்ம மக படிச்சு முடிச்சுட்டு எங்கயாவது போயிட்டா, என் வீட்டுல ஜப்தி நோட்டீஸ் ஒட்டுவான். நீர் வந்து கிழிப்பீரா?" அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் இடத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன்.

அப்படித்தான் ஆள் இல்லாமலே பத்திரத்தை அடித்து வைத்துவிடலாம் என்று அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். டைப் அடிப்பவர் பாதியில் விரலை நிறுத்தினார்.

"ஜாமீன்தாரர் பேரு?"

"இன்னும் ஆள் கிடைக்கல. இடம் விட்டு அடிங்க."

"ஆள் இல்லாம ஜாமீன் பத்திரமா? மாப்பிள்ளை இல்லாம மண்டபம் பிடிச்ச கதையால்ல இருக்கு சார்."

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையில் வெள்ளை நூல் தூசி. எதற்கு ஜாமீன் என்று கேட்டார். நர்ஸிங் படிப்புக்கு என்றேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். அவரும் இராஜபாளையம்தானாம், காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி தயாரித்து விற்கிறவராம். டைப் அடிப்பவரைப் பார்த்து, "என் பேரை அடிங்க" என்றார்.

அவ்வளவுதான். பையிலிருந்து வீட்டு வரி ரசீதை எடுத்துக் காட்டினார். கையெழுத்தும் போட்டார்.

கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஆட்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ரசீது அவன் வீட்டுடையதாகவே இருக்காது. பிறகு பள்ளியில் கண்டுபிடித்தால் இடமும் போகும், நம் தலையில் வழக்கும் விழும். வீட்டு வரி ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு எவனாவது ஊர் சுற்றுவானா? அதையே கேட்டேன்.

"ரசீதை எப்பவும் கையோடதான் வச்சிருப்பீங்களா?"

அவர் சிரித்தார். "இங்க இதுக்கு அடிக்கடி வேலை இருக்கு அண்ணாச்சி."

எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். டீ வாங்கிக் கொடுங்கள் என்றார். இரண்டு டீ, ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு 14,976 ரூபாய் ஜாமீனா? பஸ்ஸில் திரும்பும்போது மனது ஒரு நிலையில் இல்லை. ரசீதில் இருந்த கதவு எண்ணை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே அந்தத் தெருவுக்குப் போனேன்.

வீடு இருந்தது. எண்ணும் சரியாக இருந்தது. உள்ளே நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து துணியை நாடாவாக வெட்டிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சலவைக்காரத்தின் வாசனை மூக்கில் ஏறியது. வீட்டுக்கார அம்மாள் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். இந்த வீடு இன்னார் பேரில்தானா, இந்தக் கையெழுத்து அவருடையதுதானா என்று பத்திரத்தை நீட்டினேன். என் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் இதை முதலில் வைப்பேன்.

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக உதடு அசைய வாசித்தார். முகம் மாறியது.

"மறுபடியும் போட்டுட்டு வந்துட்டாராக்கும்!"

சுருட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "யக்கா, அண்ணன் இதுக்குன்னே ஒரு பேனா வச்சிருக்காக போல" என்றாள். அம்மாள் அவளை ஒரு முறை முறைத்தார். பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அம்மா, அது என் தாள்."

"உங்க தாளா இருக்கலாம் அண்ணாச்சி. அதுல அடமானம் வச்சிருக்கது என் வீடு."

பிறகு அவரே சொன்னார். சில வருடங்களுக்கு முன், பின்தெருவில் ஒரு பெண்ணுக்கு அவர் கணவர் இதே மாதிரி ஜாமீன் போட்டிருக்கிறார், வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்கு. அந்தப் பெண் படித்து முடித்து நான்காவது மாதம் பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வழக்குப் போட்டது. பெண் வீட்டில் கட்ட வழியில்லை. தவணையில் இவரே கட்டச் சொல்லித் தீர்ப்பு. "மாசம் முந்நூறு. இன்னும் பதினாலு மாசம் கிடக்கு. இன்னைக்கும் அதைக் கட்டத்தான் போனாரு. என் வளையல் நாலும் எங்க போச்சுன்னு நினைக்கிய?"

ரசீது ஏன் பையில் இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. வழக்குக் கட்டோடு கட்டாக அது அங்கே கிடந்திருக்கிறது.

வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது பயம்தான். வெள்ளி சாயங்காலம் மணி நாலே முக்கால். திங்கள் காலை பத்து மணிக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் என்று முதலில் தப்பாகக் கூட்டினேன். அறுபத்தைந்தே கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் இன்னொரு ஜாமீன்தாரருக்கு எங்கே போவேன்? விசாரிக்காமல் நேரே வீட்டுக்குப் போயிருந்தால் பத்திரம் என் பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கும்.

ஐந்தரைக்குப் பேண்டேஜ்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"ஏன் அண்ணாச்சி, எங்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

மனைவி இடையில் புகுந்தார். "போன தடவையும் இப்படித்தான் சிரிச்சிய. எம்புட்டுப் பட்டும் புத்தி வரலையா உங்களுக்கு?"

"ஏட்டி, அந்தப் புள்ள போனது அவளோட போச்சு. எல்லாப் புள்ளையுமா போகும்? நாம செய்யுற துணியைச் சுத்திக் கட்ட நாட்டுல நர்ஸ் வேண்டாமா?"

சுருட்டும் பெண்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில உங்க புள்ளையைக் கூட்டிட்டு வாங்க. இவியளுக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. நான் பார்க்கேன்" என்றார். தாள் அவர் இடுப்பிலேயே இருந்தது.

அன்று இரவு தூக்கம் இல்லை. அந்த அம்மாள் தாளைக் கிழித்துப்போட்டால் யாரிடம் போய் முறையிட முடியும்? மகளிடம் என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று ஒன்பது விஷயம் சொல்லிக் கொடுத்தேன். அவள் தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த அம்மாள் அவளை உட்கார வைத்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏட்டி, நடுவுல போயிர மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

நான் சொல்லிக் கொடுத்த ஒன்பதில் ஒன்றையும் அவள் சொல்லவில்லை. "நிச்சயமா என்ன சொல்றதுன்னு தெரியல அத்தை. ஆனா நான் எங்க போனாலும் எங்க அப்பா மிச்சம் எத்தனை நாள்னு எண்ணிக்கிட்டே பின்னால வந்துருவாங்க. உங்களுக்கு அவுகளை ஒரு சாயங்காலம்தான் தெரியும். எனக்குப் பதினெட்டு வருசம்."

நான்கு பெண்களும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். ஆனால் தாளைத் தரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, உங்க வீடு உங்க பேர்லதானே இருக்கு?"

"ஆமா."

"வரி கட்டின ரசீது?"

"இருக்கு."

"அப்போ அடுத்து எந்தப் புள்ளையாவது ஆள் கிடைக்காம நின்னா, நீங்க போடணும். இவிய போடக் கூடாது. சரின்னா தாரேன்."

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டேன்.

"எண்ணத்தான் செய்வியன்னு உங்க மக சொல்லிட்டாளே. முதல்ல ஒருத்திக்குப் போடுங்க."

சரி என்றேன். அந்த நேரத்தில் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். தாளோடு வீட்டு வரி ரசீதையும் சேர்த்துக் கொடுத்தார். திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்குப் பத்திரத்தைப் பள்ளியில் கொடுத்தேன். அலுவலக அம்மாள் கையெழுத்தைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், காகிதக் கட்டுக்குள் வைத்துவிட்டார். கதவு எண்ணைக்கூடச் சரிபார்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த வருடமே அந்த அம்மாள் ஒரு பெண்ணோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சுந்தரபாண்டியத்துப் பெண், அப்பா கூலி வேலை. அதே பள்ளி, அதே 14,976. கொடுத்த வார்த்தை நினைவிருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டார். இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு சுந்தரபாண்டியம் போய், மூன்று வீடுகளில் நைசாக விசாரித்தேன். யாரும் குறை சொல்லவில்லை. அது இன்னும் உறுத்தியது. கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

என் மகள் படிப்பை முடித்து, இருபத்து நான்கு மாதம் ஒரு நாள் குறையாமல் வேலை பார்த்து, 1996-இல் தன் அசல் சான்றிதழ்களை வாங்கி வந்தாள். பேண்டேஜ்காரரின் பத்திரத்தை ரத்து செய்து கொடுத்தார்கள். அதை நானே கொண்டுபோய் அந்த அம்மாள் கையில் கொடுத்தேன்.

அதே வருடம் எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. சுந்தரபாண்டியத்துப் பெண்ணைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமியார் வீட்டில் வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். பதினான்கு மாதம் வேலை பார்த்திருக்கிறாள், பத்து மாதம் பாக்கி. அதற்குரிய தொகையை ஜாமீன்தாரர் கட்ட வேண்டும். அவர்கள் போட்ட கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு காசு பிசகவில்லை. சண்டை போடக்கூட இடமில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பேண்டேஜ்காரர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "நானே போய் அவளைப் பார்த்தேனே அண்ணாச்சி, எனக்கும் முகத்தைப் பார்க்கத் தெரியல" என்றார். பேண்டேஜ்காரர் பாதி தருவதாகச் சொன்னார். அவருடைய பழைய தவணை முடிந்து நாளாகியிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன், சரியான விடை வரவில்லை. மாதம் 240 வீதம் இருபத்தாறு தவணை கட்டினேன். அந்தப் பெண்ணின் அண்ணன் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னான். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்தத் தவணை முடிவதற்குள் இன்னொரு பெண்ணுக்கும் ஜாமீன் போட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முன்பு விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன், இந்த முறை போட்டுவிட்டுப் போய் விசாரித்தேன், என்னால் முடிந்த மாற்றம் அவ்வளவுதான்.

காரணமில்லாமல் ஒருவர் உதவி செய்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஆனால் ஒரு ஜாமீனில் நஷ்டப்பட்டு, அந்தத் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்றே அடுத்த ஜாமீனில் கையெழுத்துப் போட்ட ஒரு மனிதரின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்ன செய்தார் என்பது எனக்கு முழுதாகப் புரிய ஆன செலவு, பஸ் கட்டணம் நீங்கலாக, ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.