வத்தல் வியாபாரி வாங்கிய சொட்டு மருந்து

பெரியப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று மதுரை டாக்டர் சொன்னது எண்பதுகளின் கடைசியில். எந்த வருடம் என்பதில் எனக்கும் பெரியம்மாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு; மாதத்தில் இல்லை. பங்குனி. அருப்புக்கோட்டையில் அவருடைய மிளகாய் வத்தல் கிட்டங்கிக்குச் சரக்கு வந்து குவிந்துகொண்டிருந்தது.

“போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்” என்றார் டாக்டர். அதற்கு அன்று இரண்டு சொட்டு மருந்துகள் இருந்தன. பைலோகார்பின் மலிவு, தினமும் நான்கு தடவை விட வேண்டும். டிமோலால் விலை அதிகம். இரண்டு தடவை போதும். வசதிப்படி எதையாவது வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு வியாபாரியிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெரியப்பா இரண்டையும் வாங்கினார். வத்தலை விலை பேசுமுன் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பவர் அவர். அதே முறைப்படி ஒரு கண்ணில் ஒன்றையும் மறு கண்ணில் மற்றதையும் பெரியம்மாவை விடச் சொன்னார். பைலோகார்பின் சுள்ளென்று எரிந்தது. டிமோலால் லேசாகக் கரித்ததோடு சரி.

“ஏலே, இதுல காரமே இல்லையே. இதுக்கா இம்புட்டு வெல?”

“கண்ணுக்கு எதுக்குப் பெரியப்பா காரம்?” என்றேன்.

“காரமில்லாத சரக்கு வேலை செய்யாதுடா.”

“அப்ப வத்தப் பொடியக் கரைச்சு விடுறேன். வீட்டுலயே கெடக்கு” என்றார் பெரியம்மா.

மலிவும் காரமும் சேர்ந்து பைலோகார்பினை ஜெயிக்க வைத்தன. நான் நூலகத்தில் கண்ணைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்திருந்தேன். ஆகவே உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. நான்கு வேளையும் பெரியம்மாதான் விட்டார். பாதிச் சொட்டு கன்னத்தில் வழிந்தது. கன்னத்துக்கு நல்ல வைத்தியம் நடந்தது. புட்டி சீக்கிரம் காலியானது.

அந்த வாரமே திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் தன் காட்டில் விளைந்த வத்தல் மூட்டைகளோடு வந்தார். கிட்டங்கிக்குள் எப்போதும் அரை இருட்டு. பெரியப்பா ஒரு கை அள்ளிப் பார்த்து, “முதல் தரம்” என்று வாங்கிப் போட்டுவிட்டார். சாயங்காலம் காப்பி கொண்டுவந்த பெரியம்மா மூட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன இவுக, வெளுத்துப்போன சண்டு வத்தலை வாங்கிப் போட்டிருக்காக?”

மறுபடியும் மதுரைக்குப் போனோம். பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்ற பயத்தில் பெரியப்பா பஸ்ஸில் ஒவ்வொரு கண்ணாக மூடிக் கடைப் பலகைகளைப் படித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்படி இல்லை என்றார் டாக்டர். பைலோகார்பின் கண்மணியைச் சுருக்கிவிடும். இருட்டான இடத்தில் எல்லாம் மங்கலாகத் தெரியும். இந்தத் தொழிலுக்கு டிமோலால்தான் சரி. அதை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, சண்டு வத்தலில் போன காசுக்கு டிமோலால் எத்தனை மாதத்துக்கு வரும் என்று பெரியம்மா கணக்குப் போட்டுச் சொன்னார். பெரியப்பா காது கேட்காதவர்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“கண்ணுக்குத்தான சீக்கு” என்றார் பெரியம்மா.

சித்திரையில் அதே சம்சாரி மறுபடியும் வந்தார். பெரியப்பா அதே அரை இருட்டில் ஒரு வத்தலை எடுத்துப் பார்த்தார்.

“சண்டு. கொண்டு போங்க.”

சம்சாரி அவர் முகத்தையே பார்த்தார். “போன மாசம் நல்லாத்தான மொதலாளி இருந்தீக. கண்ணுக்கு என்ன ஆச்சு?”