மாதாவின் விளக்கு நூர்ந்தபோது

போன வருடம், சோளகக் காற்று அடங்கியும் அடங்காமலும் இருந்த ஒரு மத்தியானம். நாவற்குழிப் பாலத்தில் எங்கள் கார் என்னையும் என் மகளையும் ஒரு பஸ்சுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது. நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பயம் எப்போதோ போய்விட்டது. கோபம் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

நான் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வீடு குருநகரில். கணவருக்குக் கடல்தொழில், சொந்தப் படகு. பஸ்சில் தொங்கிக்கொண்டு நான் போய்வருவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தானாகவே கியர் மாறும் ஒரு பழைய ஓட்டோ கியர் கார் வாங்கினார். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்த அன்று மாலையே, டாஷ்போர்ட்டில் தன் கையாலேயே ஒரு சின்ன மாதா சுரூபத்தை ஒட்டி, அதன் காலடியில் நீல விளக்கொன்றும் பொருத்தினார். காரை ஸ்டார்ட் செய்தால் விளக்கும் எரியும்.

"கடலிலை எனக்கு ஒரு வெளிச்சம் இருக்கு. றோட்டிலை உமக்கும் ஒண்டு இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு அந்த வெளிச்சம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வருகிறோம். மகள் பின் இருக்கையில். கார் காலையிலிருந்து வெயிலில் நின்று வெந்திருந்தது. உள்ளே அடுப்புக்குள் இருப்பதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் கடல்நீர் வெள்ளித்தகடாகக் கண்ணைக் குத்தியது. பாலத்தின் இணைப்பில் கார்ச் சில்லு ஏறி இறங்கியது, ஒரு சின்னக் குலுக்கல். மாதாவின் நீல விளக்கு ஒரு கணம் நூர்ந்து இருண்டு, திரும்ப எரிந்தது. அடுத்த கணம் மீற்றருக்குப் பக்கத்தில், கார் ஓடுகிற கியரில் நிற்கிறது என்று காட்டும் 'டி' என்ற எழுத்து மின்னத் தொடங்கியது. யாரோ பின்னாலிருந்து கயிறு போட்டு இழுத்ததுபோல் கார் திணறியது. அக்ஸிலேற்றரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் அலறியதே தவிர, வேகம் வரவில்லை.

"அம்மா, பின்னுக்கு பஸ்!"

பஸ் எங்கள் கண்ணாடியை உரசுவதுபோல் விலகிப் போனது. போகிற போக்கில் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "வீட்டிலை போய் அடுப்பை ஓட்டணை!" என்று கத்தினான். பாலம் தாண்டி ஓரத்தில் நிறுத்தினேன். எஞ்சினை நூர்த்தேன். திரும்ப ஸ்டார்ட் செய்தேன். கார் ஒன்றும் அறியாத பூனைக்குட்டிபோல் வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரர் நெற்றி நிறைய விபூதியோடு ஏறினார். முதலில் மாதாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு சுற்று ஓடிப் பார்த்தார். காலைக் குளிர், மர நிழல், புதுத் தார் றோட்டு. கார் ஏன் பிழைவிடப் போகிறது?

"வடிவா ஓடுதே டீச்சர். வருத்தம் வரேக்கை கொண்டு வாங்கோ."

வருத்தம் என்கிற அந்த நோய் வரும்போது கொண்டுவர வேண்டுமாம். வருத்தம் வந்தால் கார் ஓடாது. ஓடாத காரை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டேன். சிரித்தார்.

அதற்குப் பிறகு அது விட்டு விட்டு வந்தது. சில கிழமை வராது. வந்தால் மத்தியானத்தில்தான், வெயிலில் நின்ற பிறகுதான், ஏதாவதொரு குலுக்கலில்தான். பற்றரியை மாற்றினார்கள். கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றினார்கள். ஸ்கான் மெஷினைப் பூட்டி, எப்போதோ கரண்ட் குறைந்த பிழை ஒன்று பதிந்திருக்கிறது என்று சொல்லி, அதையும் அழித்துவிட்டார்கள். காரில் இருந்த ஒரே சாட்சியை, குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். "ஒவ்வொரு முறையும் மாதான்ரை லைற் ஒருக்கா நூந்திட்டுத்தான் டி மின்னுது. நான் கவனிச்சனான்."

"அப்ப மாதா உங்களுக்குக் கண் காட்டுறா டீச்சர். வெளியிலை சொல்லிப் போடாதேங்கோ, சனம் திரண்டு வந்து என்ரை கராஜிலை மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கியிடும்."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, உண்மையான அக்கறையோடு சொன்னார்: "கோயிலிலை ஒரு பூசை ஒப்புக்குடுங்கோவன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். "நீர் கோயில் நவநாளுக்குப் போய்க் கனகாலம்."

எனக்கு எரிந்தது. நான் சொன்னது கரண்டைப் பற்றி. அவர்கள் காதில் விழுந்தது பக்தி. அதே வார்த்தையை ஒரு ஆண் சொல்லியிருந்தால் கரண்ட் பார்க்கும் மீற்றரை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஒரு பெண், அதுவும் மாதா என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு சொன்னதால், அது தரிசனமாகிவிட்டது. கராஜில் எல்லா வயரையும் கழற்றிப் பார்த்தார்கள். அந்த விளக்கின் வயரை மட்டும் ஒருவரும் தொடவில்லை. தெய்வத்தைச் சந்தேகிப்பதைவிட என்னைச் சந்தேகிப்பது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

"பொம்பிளையள் ஓட்டோ கியரை ரெண்டு காலாலையும் ஓடுறவை அண்ணை" என்று, அடுத்த முறை கூட வந்த என் கணவரிடம் கராஜ்காரர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஒரு கால் பிறேக்கிலை, ஒரு கால் அக்ஸிலேற்றரிலை. கியர்பொக்ஸ் என்ன செய்யும், பாவம்?"

பாவம் கியர்பொக்ஸ். எனக்குப் பாவம் பார்க்க ஒருவரும் இல்லை.

அன்று இரவு கணவர் கையை நீட்டினார். "இஞ்சேரும், கார்த் திறப்பைத் தாரும். பிள்ளையையும் ஏத்திக்கொண்டு உந்த விளையாட்டு வேண்டாம். நீர் பஸ்சிலை போம்."

கொடுத்தேன். கொடுத்த கை பல நாள் வெறுமையாக இருந்தது. அவர் விடியப்புறத்தில் கடற்கரைக்கும் சந்தைக்கும் ஓடினார். குளிரில் கார் ஒருமுறைகூடப் பிழைவிடவில்லை. "என்னோடை வடிவா ஓடுதே" என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் வெங்காயத்தைப் பொடிப்பொடியாக வெட்டினேன்.

கடைசியில், கியர்பொக்ஸையே இறக்கி, கொழும்பிலிருந்து இன்னொரு பழைய கியர்பொக்ஸ் எடுத்துப் பூட்டுவதென்று முடிவானது. அந்தச் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கணவர் வேண்டாம் என்றார், போனேன். காரைத் தூக்கும் இடத்தில் வேறொரு வான் நின்றது. எங்கள் கார் முற்றத்து வெயிலில் மத்தியானம்வரை கிடந்தது. பள்ளிக்கூடத்தில் கிடந்து வேகுமே, அதே மாதிரி.

வான் இறங்கியதும், "நான் ஏத்திறன்" என்று சொல்லி, மேசையில் கிடந்த திறப்பை எடுத்துக்கொண்டு போய் ஏறினேன். ஸ்டார்ட் செய்தேன். நீல விளக்கு எரிந்தது. கியரை 'டி'யில் போட்டேன்.

"பாத்து டீச்சர், ரெண்டு காலும் கவனம்!"

கராஜ்காரர் சிரித்தார். அது பரவாயில்லை. என் கணவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் என்னுள் ஏதோ அறுந்தது. பிறேக்கை மிதித்துக்கொண்டு, வலது கையைப் பொத்தி, மாதாவுக்குப் பக்கத்தில் டாஷ்போர்ட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

நீல விளக்கு நூர்ந்து எரிந்தது. 'டி' மின்னத் தொடங்கியது.

முற்றத்தில் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். எஞ்சினை நூர்த்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தேன். 'டி' அசையாமல் எரிந்தது. திரும்பக் குத்தினேன். நூர்ந்தது, மின்னியது. கை சிவந்துபோனது. இன்னும் ஒருமுறை குத்தினேன். அது தேவைக்காகக் குத்தியதல்ல, எனக்காக.

"இந்தாங்கோ" என்றேன். "வருத்தம் வந்திருக்கு. வரேக்கை கொண்டு வரச் சொன்னியள்தானே. கொண்டு வந்திருக்கிறன்."

கராஜ்காரர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். சுரூபத்தருகே நீண்ட கை பாதியில் நின்றது. "டீச்சர்… மாதாவை நீங்களே எடுங்கோ."

நானே எடுத்தேன். அடியில் ஒரு துளை. விளக்கின் வயர் அதற்குள்ளால் கீழே இறங்கியது. அவர் மூடியைக் கழற்றி, ரோச் லைற்றை அடித்தார். கியர் மாற்றும் கொம்பியூட்டருக்குக் கரண்ட் போகிற வயரை இடையில் வெட்டி, இரண்டு முனையோடும் விளக்கின் வயரையும் சேர்த்து முறுக்கியிருந்தது. சுற்றியிருந்த டேப் வெயிலில் பசை கசிந்து தளர்ந்திருந்தது. செம்பு உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தது. சூடேறிக் குலுங்கும்போதெல்லாம் அந்த முறுக்கு ஒரு கணம் விலகியிருக்கிறது. ஒரு கணம் போதும். கியர்பொக்ஸ் குழம்பிப்போய் ஒரே கியரில் முரண்டு பிடிக்க.

டேப்புக்கு மேலே பச்சை நைலோன் வலைநூல் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வலைகளில் எல்லாம் இருக்கிற முடிச்சு. ஒருவருடைய கைதான் அதைப் போடும்.

என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த கணவர், "படகிலை இப்பிடித்தான்…" என்று தொடங்கினார். கை நீட்டி அந்த முடிச்சைத் தொட்டார்.

"படகிலை லைற் ஒருக்கா நூந்தா, திரும்ப எரியும் அண்ணை. காரியமில்லை" என்றார் கராஜ்காரர் மெதுவாக. "இது கியர்பொக்ஸின்ரை உயிர் வயர்."

வயரை ஒழுங்காக ஈயம் வைத்து ஒட்டினார்கள். கியர்பொக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த வருத்தம் பிறகு வரவேயில்லை. நான் சொன்னது சரிதான் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கராஜ்காரர் சாமான்களை எடுத்து வைத்தபடி, "நல்லகாலம், மாதாவே காட்டித் தந்திட்டா" என்றார். சிவந்து வீங்கிய என் கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் குனிந்து ஏதோ ஆணி தேடினார்.

வீட்டுக்கு நானே ஓட்டினேன். வாசலில் நிறுத்தியபோது கணவர் சொன்னார்: "உமக்கு ஒரு வெளிச்சம் வைக்கத்தான் நினைச்சனான்."

தெரியும். அந்த முடிச்சை அன்பில்தான் போட்டிருந்தார். அது தெரிந்தும் கோபம் குறையவில்லை. தன் முடிச்சில் வைத்த நம்பிக்கையில் பாதியை என் கண்ணில் வைத்திருந்தால், அன்றைக்குத் திறப்பு கைமாறியிருக்காது. இதைச் சொன்னேன். பிறகு வலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

மாதா இப்போதும் டாஷ்போர்ட்டில் இருக்கிறா, விளக்கில்லாமல். வகுப்பில் ஒரு பிள்ளை, "சில நேரம் மட்டும் எழுத்து மங்கலாத் தெரியுது டீச்சர்" என்றால், "இப்ப தெரியுதுதானே" என்று நான் சொல்வதில்லை, "அந்த நேரம் வேறை என்ன நடந்தது?" என்று கேட்கிறேன். நாவற்குழிப் பாலத்தின் அந்த இணைப்பில் சில்லு ஏறும் ஒவ்வொரு மத்தியானமும் என் வலது கை தானாக ஒருமுறை பொத்தி விரிகிறது. பக்கத்தில் இருக்கும் நாட்களில் என் கணவர் அதைப் பயம் என்று நினைத்து, மெல்லத் தட்டிக்கொடுக்கிறார்.